கண்டக்டரின் கண்

மொரீஷியஸில் கணினி அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால், எபென் சைபர் நகரத்தில் வேலை கிடைக்குமா என்றுதான் உறவினர்கள் அடுத்துக் கேட்பார்கள். கிடைக்கலாம். கணினி விளையாட்டு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வியே வராது. பேச்சு மெதுவாக வேறு யாருடைய கல்யாணத்துக்கோ நகர்ந்துவிடும். அதனால் இதை உறவினர்களுக்காக எழுதவில்லை. நிரல் எழுதும் கதையைத் தமிழில் படிக்கும் ஆசையோடு எங்கிருந்தோ வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன்.

என் ஊர் கியூர்பிப். தீவின் நடுமேட்டில், கடலிலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்குப் பேர்போன ஊர். போர்ட் லூயிஸில் வெயில் கொளுத்தும் நாளில் இங்கே கம்பளிச் சட்டை போட்டிருப்போம். அப்பா பஸ் கண்டக்டர். கியூர்பிப்புக்கும் தலைநகருக்கும் நடுவே இருக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில்தான் அவருடைய பாதி ஆயுள் கழிந்தது. அம்மா ஸ்வெட்டர் பின்னும் ஆலையில் வேலை பார்த்தார். வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் மொழி. தமிழைப் பள்ளியில் படித்தேன். இங்கே அரசுப் பள்ளிகளில் விருப்பப்பட்டவர்கள் அதை எடுத்துப் படிக்கலாம். பாதியில் விட்டுவிடாமல் மேல்நிலைத் தேர்வு வரை நான் போனதற்குக் காரணம் பெரியம்மா. அவர் தமிழ் ஆசிரியை. அவர் வீட்டில் இரண்டாவது மிளகாய் வடை வேண்டுமென்றால் தமிழில்தான் கேட்க வேண்டும். பசி எனக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தது.

பொழுதுபோக்கு இரண்டு. ஒன்று மலை ஏறுவது. போர்ட் லூயிஸுக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கியதுபோல் நிற்கும் லெ பூஸ் மலைக்கு அடிக்கடி போவேன். 812 மீட்டர்தான், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இன்னொன்று மிருதங்கம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கற்றுக்கொள்கிறேன். கச்சேரி செய்யும் கை என்னுடையதில்லை என்று எனக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ஆனாலும் வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்த மிருதங்கம் கணினிக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நால்வர் சேர்ந்து ஒரு பருவத்துக்குள் இருபரிமாண விளையாட்டு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பாடத்திட்டப் பணி இதுதான். எங்கள் நால்வரையும் ஊர்ப் பெயரால் அழைப்பதே வகுப்பில் வழக்கம்: மாஹேபூர்க்காரன், ஃபிளாக்கிலிருந்து வரும் தோழி, போர்ட் லூயிஸ்காரி, நான். பேச்செல்லாம் கிரியோல், ஆவணமெல்லாம் ஆங்கிலம், கோபம் வந்தால் பிரெஞ்சு.

என்ன விளையாட்டு என்பதில் ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்மானித்துவிட்டோம்: டோடோ வேண்டாம். இந்தத் தீவில் மாணவர்கள் விளையாட்டு செய்தால் அதில் ஒரு டோடோ ஓடும், குதிக்கும், முட்டை பொறுக்கும். பதினேழாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவை இன்னும் எங்களுக்காகக் குதித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமே. மாஹேபூர்க்காரன் கடற்கொள்ளையர் என்றான். கப்பலை வரைய யாராலும் முடியவில்லை. ஃபிளாக் தோழி கரும்புத் தோட்டம் என்றாள். கரும்பு வளரும் வரை ஆட்டக்காரர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பஸ் என்று நான் சொன்னேன். ஓட்டுநரா என்று கேட்டார்கள். கண்டக்டர் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் ஒரு விளையாட்டுக்கு வேண்டிய எல்லாமே அந்த வேலையில் இருக்கிறது. இடம் குறுகியது. நேரமும் குறுகியது, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வசூல் முடிய வேண்டும். எதிராளியும் உண்டு: டிக்கெட் எடுக்காமல் நழுவ நினைப்பவர். எந்த நிறுத்தத்திலும் பரிசோதகர் ஏறலாம். டிக்கெட் இல்லாதவர் ஒருவர் அகப்பட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். அதோடு 2005ஆம் ஆண்டிலிருந்து இங்கே மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் பயணம் இலவசம். அவர்களிடம் காசு வாங்க வேண்டியதில்லை, அட்டையைப் பார்த்தால் போதும். ஆனால் அட்டையைப் பார்ப்பதற்கும் நேரம் பிடிக்கும். பள்ளி விடும் நேரத்தில் சீருடைகள் வண்டியை நிறைக்கும்போது, ஒரு ரூபாய்கூட வராத இடத்தில் எவ்வளவு நேரத்தைச் செலவழிப்பது? அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும் ஒரு திருட்டுப் பயணியை விட்டுவிடுவதா? இதில் விளையாட்டு இருக்கிறது என்று மற்ற மூவருக்கும் அப்போது தோன்றியது.

கோடோ என்ற விளையாட்டு இயந்திரத்தில் (game engine) எழுதினோம். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கி, 2014இல் மூலநிரலைத் திறந்துவிட்ட இலவச மென்பொருள் அது. அதன் சொந்த நிரல்மொழி பைத்தானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடும். எங்கள் பழைய மடிக்கணினிகளிலும் திணறாமல் ஓடும். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு உண்மையான காரணம் இது. ஆவணத்தில் வேறு காரணங்கள் எழுதினோம்.

தொடக்கக் காலச் சிக்கல்களில் பெரும்பாலானவை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பவைதான். போர்ட் லூயிஸ்காரியின் கணினியில் பஸ் கியூர்பிப் போய்ச் சேர்ந்துவிடும். அதே நேரத்தில் மாஹேபூர்க்காரனின் கணினியில் அது ரோஸ் ஹில்லைக்கூடத் தாண்டியிருக்காது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், இத்தனை புள்ளி நகர் என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். வேகமான கணினி நொடிக்கு 60 ஃபிரேம் வரைந்துவிடும், மெதுவானது 20. சென்ற ஃபிரேமிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்று இயந்திரமே சொல்லும். வேகத்தை அதனால் பெருக்கினால் எல்லாக் கணினியிலும் பஸ் ஒரே வேகத்தில் ஓடும். ஒரு வரி மாற்றம்தான்.

நடைவழிச் சிக்கல் அவ்வளவு எளிதில் விடவில்லை. இங்கத்திய பஸ்களில் ஒரு பக்க இருக்கையில் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர் உட்காருவார்கள். நடுவே ஓர் ஆள் நடக்கத்தான் இடம். எங்கள் விளையாட்டு பஸ்ஸுக்கு ஒரே கதவு, முன்னால். ஏறுபவர், இறங்குபவர், கண்டக்டர் எல்லோருக்கும் அதே ஒற்றையடிப் பாதை. பயணிகள் வழி தேட ஏ-ஸ்டார் அல்காரிதத்தைப் பயன்படுத்தினோம். 1968இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் மூவர் எழுதி வெளியிட்டது அது. ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி காட்டும் வேலையிலிருந்து பிறந்தது. ஒற்றை ரோபோ, அசையாத தடைகள் என்றால் அதற்கு நிகரில்லை. எங்கள் பஸ்ஸிலோ தடைகளும் நடந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து இறங்க வருபவரும் முன்னாலிருந்து ஏறி வருபவரும் நேருக்கு நேர் நிற்பார்கள். தனக்குரிய குறுகிய பாதை எதிராளியின் வயிற்றின் வழியாகப் போகிறது என்று இருவருக்கும் தெரியும். இருவரும் நகர மாட்டார்கள். பஸ் அப்படியே கியூர்பிப் போய்ச் சேரும்.

ஃபிளாக் தோழி வேறு அல்காரிதம் தேடவில்லை. அடுத்த நாள் காலை பஸ்ஸில் வரும்போது மனிதர்கள் இதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருவர் பக்கவாட்டில் திரும்பி இருக்கைக்குள் சாய்ந்துகொள்கிறார், மற்றவர் கடந்து போகிறார். அவ்வளவுதான். பயணிக்குப் புதிய நிலை ஒன்றைச் சேர்த்தோம்: எதிரே ஆள் வந்தால், இருக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர் திரும்பி நிற்பார், அந்த நேரத்தில் அவருடைய மோதல் பெட்டி (யார் மீதாவது இடிக்கிறாரா என்று பார்க்க அவரைச் சுற்றி இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கட்டம்) பாதியாக மெலியும். கூடை வைத்திருப்பவர் மெலிய மாட்டார். இந்தக் கூடை விதியை யார் சேர்த்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. நால்வரும் உரிமை கொண்டாடுகிறோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு எங்கள் கையில் பிழையில்லாமல் ஓடும் ஒரு விளையாட்டு இருந்தது. அதை யாரும் இரண்டாவது முறை ஆடவில்லை என்பதுதான் குறை.

அப்போது அது எப்படி இருந்தது என்றால், டிக்கெட் எடுக்காத ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஆட்டக்காரர் கண்டக்டரை அவரிடம் நகர்த்திப் பொத்தானை அழுத்த வேண்டும். காசு எவ்வளவு கொடுத்தார் என்று திரையில் வரும். மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். விளக்கு அணையும். அடுத்த விளக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். அவர் விளையாடவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு நான் ஆடுவதைப் பார்த்தார். "இவர்கள் தலையில் எதற்கு விளக்கு?" என்று கேட்டார். டிக்கெட் எடுக்காதவர் யார் என்று தெரிய வேண்டாமா என்றேன். "விளக்கு எரிந்தால் கண்டக்டர் எதற்கு?"

சரி, நீங்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்வீர்கள், அறுபது பேரில் யார் காசு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று? கேட்டேன். அப்பா கிரியோலில் சொன்ன பதிலை இங்கே தமிழில் தருகிறேன். "காசு கொடுத்தவர்களை யாராவது நினைவில் வைப்பார்களா? ஏறுபவர்களைப் பார்த்தால் போதும். வண்டி நின்றால் கதவருகே நிற்பேன். ஆறு பேர் ஏறினால் ஆறு. முகத்தைப் பார்ப்பதில்லை, முகம் மறந்துபோகும். குடை, கூடை, தொப்பி, அழுகிற குழந்தை, இதைத்தான் பார்ப்பேன். வண்டி கிளம்பியதும் நடப்பேன். ஆறு பேரும் வந்தாக வேண்டும். ஐந்துதான் வந்தது என்றால் ஒருவர் ஒளிந்திருக்கிறார். அவரைத் தேட வேண்டாம். டிக்கெட், டிக்கெட் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனால், யாருக்கு ஜன்னலுக்கு வெளியே திடீரென்று காட்சி அழகாகத் தெரிகிறதோ, அவர்தான்."

பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு பாடமே நடத்துகிறார்கள். முழுப் பட்டியலை ஒவ்வொரு முறையும் சரிபார்க்காதே, சென்ற முறைக்குப் பின் மாறியதை மட்டும் கவனி. அறுபது பேரின் நிலையைச் சுமப்பதற்குப் பதிலாக, ஓர் எண்ணும் சில அடையாளங்களும்.

மறுநாள் குழுவில் சொன்னேன். விளக்குகளை எடுத்துவிடலாம். மாஹேபூர்க்காரன் கடுமையாக எதிர்த்தான். ஆட்டக்காரருக்கு ஒன்றுமே புரியாது, வழிகாட்டும் குறி இல்லாத விளையாட்டுக்கு மதிப்பெண் குறையும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மதிப்பெண் அட்டவணையில் 'தகவல் தெளிவாகக் காட்டப்படுகிறதா' என்று ஒரு வரி உண்மையிலேயே இருந்தது. சமரசமாக முதல் கட்டத்தில் மட்டும் விளக்கை வைத்தோம். இரண்டாம் கட்டத்திலிருந்து அது கிடையாது. அதற்குப் பதில், காசு கொடுக்காத பயணி கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் தலையை ஜன்னல் பக்கம் திருப்புவார். இரண்டே ஃபிரேம் கொண்ட அசைவு. கவனிக்காவிட்டால் தெரியாது.

வகுப்பில் மற்றவர்களிடம் ஆடக் கொடுத்தபோது திரை முன்னால் கூட்டம் கூடியது. "அந்த மஞ்சள் குடை, மஞ்சள் குடை!" என்று பின்னால் நிற்பவர்கள் கத்தினார்கள். வசூலுக்காக ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் இப்போது வண்டி நின்றதும் கதவுக்கு ஓடி வந்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. கியூர்பிப் கட்டத்தில் மழையைச் சேர்த்தோம். எல்லோர் கையிலும் குடை, எல்லாக் குடையும் கறுப்பு. அது கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

சில்லறை விஷயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்தோம். மொரீஷியஸ் பணத்தில் ஒரு விசித்திரம் உண்டு: 20 ரூபாய்க்கு நாணயம் இருக்கிறது, 25 ரூபாய்க்கு நோட்டு இருக்கிறது. கணினி மாணவர்களுக்கு இது ஒரு சின்னப் புதையல். மீதி கொடுக்கும் அல்காரிதம் என்று முதல் ஆண்டில் சொல்லித்தருவது பேராசை முறை: முடிந்தவரை பெரியதை முதலில் எடு, மிச்சத்துக்கு அடுத்த பெரியதை எடு. இருவருக்கு 60 ரூபாய் டிக்கெட். பயணி 100 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். (அந்த நோட்டில் இருக்கும் படம் ரெங்கநாதன் சீனிவாசனுடையது, நம்மவர் என்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார்.) மீதி 40. பேராசை முறை 25, 10, 5 என்று மூன்றை எடுக்கும். இரண்டு இருபது போதும் என்பது அதற்குத் தெரியாது. அமெரிக்க நாணயங்களை வைத்து எழுதிய பாடப்புத்தகத்தில் இந்த முறை தவறுவதே இல்லை. எங்கள் ஊர்ப் பையில் தவறுகிறது. குறைந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க, சிறிய தொகைகளுக்கான விடைகளைச் சேமித்து வைத்து அவற்றிலிருந்து பெரிய தொகைக்கு ஏறும் முறைதான் சரி. போர்ட் லூயிஸ்காரி அதை அழகாக எழுதினாள். பையில் எந்த நாணயம் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதையும் அவளுடைய நிரல் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் ஆட்டக்காரர் கையிலிருந்து சில்லறையைப் பிடுங்கிவிட்டோம். மீதி கொடுப்பதைக் கணினியே செய்யும். ஏனென்றால் அப்பா மீதியைப் பற்றிச் சொல்லும்போது யோசிக்கவே இல்லை. "அது கை செய்யும்" என்றார். கை செய்யும் வேலையை எந்திரத்திடம் விட்டோம், கண் செய்யும் வேலையை ஆட்டக்காரரிடம் விட்டோம். நாங்கள் முதலில் செய்ததோ தலைகீழ்: கண்ணுக்கு விளக்குப் போட்டுக் காட்டிவிட்டு, விரலை வைத்துச் சில்லறை எண்ணச் சொல்லியிருந்தோம். எந்த விளையாட்டைப் பார்த்தாலும் இப்போது எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது: இவர்கள் எதைக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள்?

ஒலி என் பொறுப்பு. பஸ் இயந்திரத்தின் உறுமலை இணையத்திலிருந்து எடுக்கலாம். உரிமைச் சிக்கல் வரும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், ரவை ஒட்டி, உள்ளங்கையால் அடித்துப் பதிவு செய்து, சுருதியைக் கீழே இறக்கினேன். வண்டியின் வேகத்துக்கு ஏற்ப அடிகள் நெருங்கும்படி எழுதினேன். இங்கே ஓடும் பஸ்களில் நிறையவும் அசோக் லேலண்ட். சென்னை எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் வண்டிக்கு மிருதங்கத்தைவிடப் பொருத்தமான குரல் கிடைக்காது என்று குழுவிடம் வாதாடினேன். ஆசிரியரிடம் மட்டும் சொல்லவில்லை. ரவையை இதற்காகவா ஒட்டினாய் என்று கேட்பார்.

மொழிப் பட்டியல் வேறு தலைவலி. ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் மூன்றும் புள்ளி எழுத்துருவில் எட்டுப் புள்ளி உயரத்துக்குள் அடங்கிவிட்டன. தமிழும் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எட்டுப் புள்ளிக்குள் மூன்று சுழி 'ண' எழுதிப் பாருங்கள். ஒரு சுழி வரும், மீதி இரண்டும் கறையாகும். பதினாறு புள்ளிக்கு மேல்தான் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம்: 2023இல் வந்த கோடோ நான்காம் பதிப்பிலிருந்து 'கொ' போன்ற எழுத்துகளைக் கொம்பு இடம் மாறாமல் சரியாகச் சேர்க்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பிறகு, பட்டியலில் எந்த மொழி முதலில் என்ற பேச்சு வந்தது. புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் தேவநாகரியை அச்சிட்டதற்காக 1998இல் பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்ட நாடு இது. நான்கு மாணவர்கள் அந்தக் கதையை மறுபடி எழுதத் தயாராக இல்லை. விளையாட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசை தானாகக் கலைந்து மாறும்படி எழுதிவிட்டோம். மூன்று வரி நிரல். மதிப்பீட்டாளர் இதைப் பிழை என்று குறித்துவைத்து, விளக்கம் கேட்டபின் சிரித்துவிட்டு அந்தக் குறிப்பை அடித்துவிட்டார்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. அதில் பெரும்பங்கு வரைபடங்களுக்கும் ஆவணத்துக்கும். ஜன்னல் பக்கம் திரும்பும் தலைக்குத் தனியாக மதிப்பெண் எதுவும் இல்லை.

இப்போது அதைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த பஸ், திரையில் இடப்பக்கம் நோக்கி நிற்கிறது. இங்கே வண்டிகள் சாலையின் இடது பக்கம் ஓடுவதால் (பக்கத்துத் தீவான ரீயூனியனில் வலது பக்கம்) கதவு பஸ்ஸின் இடது பக்கத்தில், அதாவது திரையின் இடது கீழ் மூலையில். கண்டக்டரை நகர்த்தும் கட்டைவிரலும் சரியாக அந்த மூலையில்தான் உட்காருகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இத்தனையும் செய்தோமோ அதையே விரல் மறைக்கிறது. வலது கட்டைவிரல் எங்கே தட்டினாலும் போதும் என்பதால், ஃபிளாக் தோழி படத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப்போட்டாள். ஒரே எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, வேலை முடிந்தது. கதவு வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த பெயரும் தலைமாறிவிட்டது, ஓட்டுநரும் இடப்பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

மாஹேபூர்க்காரன் கொஞ்ச நேரம் பார்த்தான். "நன்றாக இருக்கிறது," என்றான். "ஆனால் இந்த வண்டி ரீயூனியனில்தான் ஓடும்."

இருக்கைகளின் நிழல் முதற்கொண்டு எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும். டிசம்பர் விடுமுறையில் யார் வரைவது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.